வீட்டுக்கு வந்த ராஜா: கதைக்காரர் கு. அழகிரிசாமியின் வாழ்க்கை



பெரியவங்க வாழ்க்கை வரலாறுன்னாலே சிலருக்குக் கொட்டாவி வந்துடும். பிறந்தார், படித்தார், தியாகம் செய்தார், மறைந்தார் என்று முடிந்துவிடும் என்பதால்தான். இந்த முறை நாம் பார்க்கப் போகிறவர் போர்க்களம் போகவில்லை, கட்சி நடத்தவில்லை, மடம் கட்டவில்லை. கதை எழுதினார், கதை படித்தார், மற்றவர்களுக்குக் கதை படிக்கக் கற்றுக் கொடுத்தார். அதில் ஐந்து வருஷம் நம் மண்ணிலேயே இருந்து அந்த வேலையைச் செய்தார். அவர்தான் கு. அழகிரிசாமி.

நம்மில் பலருக்குக் கதை என்றால் பரீட்சைக்குப் படிப்பது. கதாபாத்திரம், கதைப்பின்னல், படிப்பினை என்று மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, எஸ்பிஎம் முடிந்த அன்றே புத்தகத்தைக் கட்டி வைத்துவிடுகிறோம். கதையை ரசிப்பதற்காகப் படிக்கலாம், அது நம் கண்ணையே மாற்றும் என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அழகிரிசாமிக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அவராகவே கண்டுபிடித்தார். எப்படி என்று பார்ப்போம்.

கரிசல் காட்டுப் பையன்

தமிழ்நாட்டில் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு சின்ன கிராமம். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. கரிசல் மண், பருத்தி, கம்பு, சோளம். மழை பெய்தால்தான் விளைச்சல், இல்லாவிட்டால் பட்டினி. அந்த ஊரில் 1923 செப்டம்பர் 23ஆம் தேதி அழகிரிசாமி பிறந்தார். அப்பா பெயர் குருசாமி, அம்மா தாயம்மாள். வீட்டில் பேசியது தெலுங்கு. இவர்தான் பின்னால் தமிழின் மிக நல்ல சிறுகதைக்காரர்களில் ஒருவராக ஆனார். தாய்மொழி வேறாக இருந்தாலும், ஆசையோடு படித்தால் ஒரு மொழி நம் சொந்த மொழியாகிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

குடும்பத் தொழில் பொன் வேலை. நம்ம மலாக்காவில் பொய்யாத விநாயகர் ஆலயம் இருக்கிற தெருவின் பேரே ஜாலான் துக்காங் எமாஸ், அதாவது பொற்கொல்லர் தெரு. அந்த மாதிரி ஒரு பட்டறையில்தான் இந்தப் பையனும் உட்கார்ந்திருக்க வேண்டியது. ஆனால் சிறு வயதில் இடது கையில் அடிபட்டு அந்தக் கை சரியாக வரவில்லை. ஊதுகுழலும் சுத்தியலும் பிடித்து நுணுக்க வேலை செய்ய இரண்டு கையும் வேண்டுமே. அதனால் பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்துக் கிராமத்தில் உயர்நிலைப் பள்ளிவரை போய் எஸ்எஸ்எல்சி முடிப்பது பெரிய விஷயம்.

அதே ஊரில், அதே மாதம், சரியாக ஒரு வாரம் முன்னால் இன்னொரு குழந்தை பிறந்திருந்தது. செப்டம்பர் 16ஆம் தேதி பிறந்த அந்தக் குழந்தைதான் கி. ராஜநாராயணன். கரிசல் இலக்கியத்தின் தந்தை என்று இன்று எல்லோரும் சொல்கிற கி.ரா. இருவரும் இளமையிலேயே இணைபிரியாத நண்பர்கள் ஆனார்கள். கி.ரா. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். ஆனாலும் இவர்கள் இருவரும் சேர்ந்து படித்ததை இன்றைக்குப் பட்டப்படிப்புக்காரர்களும் படித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

கம்பராமாயணம் படித்தார்கள். கழுகுமலை முருகன் மேல் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்தைப் பாடிப் பாடி ரசித்தார்கள். கர்நாடக இசை என்றால் இருவருக்கும் பைத்தியம். இன்னொரு பக்கம் புதுமைப்பித்தன் கதைகள், ஆங்கிலம் வழியாக ருஷ்யக் கதைக்காரர்களான செகாவ், டால்ஸ்டாய், கார்க்கி. மின்சாரம் இல்லாத, நூலகம் இல்லாத ஒரு கிராமத்தில் இதெல்லாம் நடந்தது. யாராவது ஒரு புத்தகம் கொண்டு வந்தால் கை மாறிக் கை மாறிப் படிப்பது, பிறகு நடந்துகொண்டே அதைப் பற்றிப் பேசுவது. அவ்வளவுதான் அவர்களுடைய பல்கலைக்கழகம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பக்திப் பாட்டையும் நவீனக் கதையையும் அவர்கள் எதிரும் புதிருமாக வைக்கவில்லை. காவடிச்சிந்தை ரசித்த காதுதான் செகாவின் கதையையும் ரசித்தது. பின்னாளில் அழகிரிசாமி காவடிச்சிந்தைத் தாமே பதிப்பித்தார். கம்பரை நாயகனாக வைத்துக் 'கவிச்சக்கரவர்த்தி' என்று ஒரு நாடகமும் எழுதினார். தேவாரம் படிக்கிற பிள்ளைக்குச் சிறுகதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவருடைய வாழ்க்கையே பதில்.

தொட்டிக்கட்டு முற்றம்

அந்தக் காலத்தில் ரசிகமணி டி.கே.சி. என்று அழைக்கப்பட்ட டி.கே. சிதம்பரநாத முதலியார் இருந்தார். திருநெல்வேலியில் அவர் வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடுவார்கள். ஒரு பாட்டை எடுப்பார், வாய்விட்டுப் படிப்பார், மறுபடியும் படிப்பார். எந்தச் சொல் எங்கே இனிக்கிறது என்று எல்லோரும் பேசுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்று பேர். பின்னால் அவர் குற்றாலத்துக்குப் போனபோது ரசிகர்களும் அங்கே போனார்கள். அழகிரிசாமியும் கி.ரா.வும் அவரைத் தேடிப் போன இளைஞர்களில் உண்டு.

டி.கே.சி.யிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இலக்கியம் பண்டிதர் சொத்து இல்லை. ரசிக்கத் தெரிந்தவன் சொத்து. அதுவும் தனியாக மூலையில் உட்கார்ந்து மட்டும் ரசிப்பதில்லை. நாலு பேர் கூடி, சாப்பாட்டைப் பகிர்வது மாதிரி பகிர்ந்து ரசிப்பது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மலாயாவுக்கு வந்தபோது அழகிரிசாமி செய்ததும் இதுதான்.

அரசு வேலையை விட்டவர்

படிப்பு முடிந்ததும் கொஞ்ச காலம் ஆசிரியர் வேலை. பிறகு பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அரசாங்கச் சம்பளம், பென்ஷன். அந்தக் காலத்தில் ஒரு ஏழைக் குடும்பத்துக்கு இது லாட்டரி அடித்த மாதிரி. ஆனால் 1940களின் தொடக்கத்திலேயே அவருடைய கதைகள் பத்திரிகைகளில் வர ஆரம்பித்துவிட்டன. இருபது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது, அந்த வேலையை விட்டுவிட்டு சென்னைக்குப் போய் 'பிரசண்ட விகடன்' பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். நாரண துரைக்கண்ணன் அதன் ஆசிரியர். பிறகு வை. கோவிந்தன் நடத்திய 'சக்தி' இதழில் வேலை. அங்கே தொ.மு.சி. ரகுநாதன் போன்ற நண்பர்கள் கிடைத்தார்கள்.

சென்னைப் பத்திரிகை வேலையில் சம்பளம் குறைவு, வேலை அதிகம். கண் கெட மெய்ப்பு திருத்த வேண்டும், மொழிபெயர்க்க வேண்டும், பக்கம் நிரப்ப வேண்டும். இத்தனைக்கும் நடுவில்தான் அவருடைய சிறந்த கதைகள் பிறந்தன. இன்றைக்கு யாராவது இந்த மாதிரி முடிவெடுத்தால் நாம் என்ன சொல்வோம்? பைத்தியம் என்போம். அன்றைக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அவர் செய்ததை எல்லோரும் செய்ய வேண்டும் என்று இங்கே சொல்ல வரவில்லை. வேலையை விடாதீங்க! ஆனால் ஒரு மனிதன் நிம்மதியான சம்பளத்தைவிடப் பெரிதாக நினைக்கிற அளவுக்கு அந்தக் கதைகளுக்குள் என்னதான் இருந்தது என்று நாம் கேட்டுப் பார்க்கலாம் இல்லையா?

தீபாவளிக்கு வந்த விருந்தாளி

அதற்கு அவருடைய ஒரு கதையைப் பார்த்தால் போதும். 'ராஜா வந்திருக்கிறார்' என்பது அதன் பெயர். தீபாவளிக் கதை.

ஏழை வீடு ஒன்று. தாயம்மாள் என்கிற அம்மா. மங்கம்மாள் என்ற சிறுமியும் அவளுடைய சகோதரர்களும் அந்த வீட்டுப் பிள்ளைகள். ஊரில் பணக்கார வீட்டுப் பையன் ராமசாமி இவர்களோடு விளையாடுவான், எதற்கெடுத்தாலும் போட்டி போடுவான். எங்க வீட்ல அது இருக்கு, உங்க வீட்ல இருக்கா என்கிற சின்னப் பிள்ளைப் போட்டி. நாமும் போட்டதுதான். இப்போது கைப்பேசியை வைத்துப் போடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

தீபாவளிக்கு முந்தின இரவு. வெளியே இருட்டில் யாரோ ஒரு பையன், எறிந்த எச்சில் இலையில் சோறு பொறுக்கித் தின்கிறான். அனாதை. உடம்பெல்லாம் சிரங்கு. கட்டியிருப்பது கந்தல். அந்த அம்மா அவனை உள்ளே கூப்பிடுகிறாள். தன் பிள்ளைகளுக்கு இருக்கிறதே போதாத வீடு. இருந்தாலும் அவனுக்குச் சோறு போடுகிறாள். விடிந்ததும் தன் பிள்ளைகளுக்குச் செய்வது மாதிரியே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். பிள்ளைகளுக்கெல்லாம் மலிவு விலைப் புதுத்துணி இருக்கிறது. இவனுக்கு இல்லையே! வீட்டுக்காரருக்கென்று வாங்கி வைத்திருந்த ஒரு துண்டு மட்டும் மிச்சம். அதை எடுத்து அந்தப் பையனுக்குக் கட்டிவிடுகிறாள். அவனுடைய பெயர் ராஜா.

அன்றைக்கு ராமசாமி வீட்டுக்குத் தலைத்தீபாவளி மாப்பிள்ளை வந்திருக்கிறார். பெரிய இடத்து மாப்பிள்ளை, ராஜா என்றே பட்டம். ராமசாமி வந்து பெருமையடிக்கிறான். மங்கம்மாளும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்லிவிடுகிறாள், தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாக. கதை முடிந்துவிடுகிறது.

இதைப் படித்துவிட்டுப் பெரியபுராணத்தை நினைத்துப் பாருங்கள். இளையான்குடிமாற நாயனார் கதை நமக்குத் தெரியும். மழை கொட்டுகிற இரவு. வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. விருந்தாளியாக ஓர் அடியார் வருகிறார். நாயனார் இருட்டில் வயலுக்குப் போய், பகலில் விதைத்த நெல்லையே வாரிக் கொண்டு வருகிறார். விறகுக்கு வீட்டுக் கூரையின் கொம்பையே அறுக்கிறார். கொல்லையில் முளைத்த கீரையைப் பறித்து வருகிறார். மனைவி அதைச் சமைக்கிறார். சாப்பிட எழுப்பும்போது அடியார் சோதியாகத் தோன்றுகிறார், வந்தவர் சிவபெருமான் என்று தெரிகிறது.

தாயம்மாள் செய்ததும் அதேதான். ஒரே ஒரு வித்தியாசம். அழகிரிசாமியின் கதையில் கடைசியில் சோதி வரவில்லை. ரிஷபம் வரவில்லை. பையன் பையனாகவே இருக்கிறான், சிரங்கோடு. வந்தவன் யார் என்று அந்த அம்மாவுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. நாம்தான் கண்டுகொள்ள வேண்டும்.

தம்பி, தங்கைகளே, நல்ல சிறுகதை செய்கிற வேலை இதுதான். புராணத்தில் இறைவனே வெளிப்பட்டுத் தம்மைக் காட்டிவிடுகிறார். சிறுகதையில் காட்டுகிற பொறுப்பைக் கதைக்காரர் நம் கையில் விட்டுவிடுகிறார். படித்து முடித்த அன்று நாம் உணவுக்கடைக்குப் போகிறோம். பக்கத்து மேசையைத் துடைக்கிற பிள்ளையைப் பார்க்கிறோம். முன்பு பார்த்த மாதிரி பார்க்க முடியவில்லை. எல்லா உயிரிலும் இறைவன் இருக்கிறார் என்று திருமுறை வகுப்பில் கேட்டது, அந்த நிமிஷம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. கதை படிப்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை, கண்ணுக்குப் பயிற்சி என்று சொல்வது இதனால்தான்.

அவருடைய மற்றக் கதைகளும் இந்த வழியில்தான் நடக்கின்றன. 'அன்பளிப்பு' கதையில் ஒரு பத்திரிகைக்காரர் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தகமும் டைரியும் கொடுக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் அவருக்குச் செல்லம். ஆனால் சாரங்கன் என்று ஒரு பையன் அவர் கண்ணில் சரியாகப் படவே இல்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, மறந்துவிட்டார், அவ்வளவுதான். அந்தப் பையன் கடைசியில் என்ன செய்கிறான் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. நீங்களே படித்துப் பாருங்க. படித்தபிறகு உங்கள் வீட்டிலேயே, உங்கள் வகுப்பிலேயே சாரங்கன் யார் என்று யோசிப்பீர்கள்.

'சுயரூபம்' கதையில் குலப்பெருமை பேசுகிற ஒரு மனிதர், பசி தாங்காமல் இட்லிக் கடை முன்னால் நிற்கிறார். வயிறு ஒரு பக்கம் இழுக்கிறது, வீறாப்பு இன்னொரு பக்கம் இழுக்கிறது. படிக்கும்போது சிரிப்பு வரும். முடிக்கும்போது சிரிக்க முடியாது.

மலாயாவில் ஐந்து வருஷம்

1952இல் அழகிரிசாமி கப்பலேறிக் கோலாலம்பூர் வந்தார். 'தமிழ் நேசன்' நாளிதழின் ஆசிரியர் குழுவில் வேலை. 1924இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய பத்திரிகை அது.

அப்போது நாடு எப்படி இருந்தது? அவசரகாலம். 1948இல் தொடங்கியது 1960வரை நீடித்தது. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, சோதனை. ரப்பர் என்றால் நம்ம மலாக்காவை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் போட்டதுதான் மலாயாவின் முதல் வாணிப ரப்பர்த் தோட்டம். அதிலிருந்து பரவிய தோட்டங்களில்தான் நம் தாத்தா பாட்டிமார் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பால் மரம் வெட்டி, லயத்தில் குடும்பம் நடத்தினார்கள். அந்த லயங்களுக்கு உலகத்தைக் கொண்டு வந்தது தமிழ்ப் பத்திரிகை. எழுத்துத் தெரிந்த ஒருவர் வாய்விட்டுப் படிப்பார், சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்பார்கள்.

உள்ளூரில் கதை எழுதும் ஆசையும் இருந்தது. அழகிரிசாமி வருவதற்கு முன்பே, 1950வாக்கில், சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் கதை வகுப்பு என்று ஒன்றை நடத்தியிருந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளும் பட்டணத்துப் பிள்ளைகளும் கதை எழுதி அனுப்பிப் பழகினார்கள். பலருக்கு அதுதான் முதல் பள்ளிக்கூடம்.

அந்த நிலத்தில்தான் அழகிரிசாமி வந்து உழுதார். தமிழ்நாட்டில் பேர் பெற்ற எழுத்தாளர். நினைத்திருந்தால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிற கதைகளைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுச் சென்னையிலிருந்து கதை வரவழைத்துப் போட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. இங்குள்ள இளம் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். கதைகளை எடுத்து வைத்து அலசுவது, எது கதை, எது வெறும் உபதேசம் என்று பிரித்துக் காட்டுவது, நல்ல கதையை எப்படிப் படிப்பது என்று பேசுவது. திருநெல்வேலி முற்றத்து வட்டம், கடல் தாண்டிக் கோலாலம்பூரில் வேறு உருவத்தில் கூடியது என்றே சொல்லலாம்.

கதை எழுதுவதற்கு முன்னால் கதை படிக்கத் தெரியணும். இதுதான் அந்த வட்டத்தின் அடிப்படை. நம் நாட்டுச் சிறுகதை வரலாற்றை எழுதுகிறவர்கள் யாரும் இந்த வட்டத்தைத் தாண்டிப் போக மாட்டார்கள். அதில் பழகியவர்கள் பின்னால் எழுதினார்கள், மற்றவர்களுக்கும் சொல்லித் தந்தார்கள்.

அவருடைய சொந்த வாழ்க்கையிலும் இந்த மண்ணுக்கு இடம் உண்டு. இங்கே இருந்தபோதுதான் சீதாலட்சுமி அம்மையாரைத் திருமணம் செய்துகொண்டார். இடைசெவலில் இருந்த கி.ரா.வோடு அவருக்கிருந்த நட்பைக் கடிதங்கள் காத்தன. அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் புத்தகமாகவே வந்துவிட்டன. படித்த புத்தகம், கேட்ட பாட்டு, பார்த்த மனிதர்கள் என்று நண்பனோடு பகிர்கிற பழக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை.

1956 பிப்ரவரியில் துங்கு அப்துல் ரஹ்மான் நம்ம பண்டார் ஹிலிரில் நின்று சுதந்திர நாளை அறிவித்தார். 1957 ஆகஸ்ட் 31இல் நாடு விடுதலை அடைந்தது. அதே 1957இல் அழகிரிசாமி தாயகம் திரும்பினார்.

புகழ் வந்தபோது அவர் இல்லை

சென்னைக்குத் திரும்பியபின் காந்தி நூல் வெளியீட்டுக் கழகத்தில் காந்தியடிகளின் எழுத்துகளைத் தமிழில் கொண்டுவரும் வேலை. பிறகு 'நவசக்தி' நாளிதழில் சில ஆண்டுகள். கார்க்கியின் நூல்களை மொழிபெயர்த்தார். நாவல் எழுதினார், குழந்தைகளுக்கு எழுதினார், கட்டுரை எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட சிறுகதைகள் எழுதினார். பணம் மட்டும் அவரிடம் நின்றதே இல்லை.

1970இல் 'சோவியத் நாடு' இதழில் வேலை கிடைத்தது. கொஞ்சம் மூச்சு விடலாம் என்கிற நேரம். ஆனால் அந்த வருஷம் ஜூலை 5ஆம் தேதி காலமாகிவிட்டார். வயது 46. அதன் பிறகு, 'அன்பளிப்பு' சிறுகதைத் தொகுப்புக்கு 1970ஆம் ஆண்டின் சாகித்ய அகாடமி விருது அறிவிக்கப்பட்டது. வாங்குவதற்கு அவர் இல்லை.

நண்பர் கி.ரா. முப்பது வயதுக்கு மேல்தான் கதை எழுத ஆரம்பித்தார். அவர் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991இல் அதே விருதைப் பெற்றார். 2021வரை வாழ்ந்து, 97 வயதில் மறைந்தார். ஒரு வாரம் இடைவெளியில் ஒரே கிராமத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகள், இரண்டு சாகித்ய அகாடமி. கைக்குக் கிடைத்த புத்தகத்தைக் கைமாற்றிப் படித்த பழக்கத்தில் முளைத்தது அது.

நமக்கு இதில் என்ன இருக்கு?

இப்போது கொஞ்சம் நம்ம ஊர்ப் பக்கம் வருவோம்.

மலாக்காவில் காஜா பெராங் பக்கம் போனால் மலாக்கா செட்டிகள் கிராமம் இருக்கிறது. பல நூறு ஆண்டுகளுக்கு முன் வாணிபம் செய்ய வந்தவர்களின் வழிவந்தவர்கள். பொய்யாத விநாயகர் ஆலயம் 1781லிருந்து நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் அவர்கள்தான். இத்தனை தலைமுறையாகக் கோயிலையும் பூசையையும் விடாமல் காத்து வருகிற அவர்களைப் பார்த்து நாம் தலைவணங்க வேண்டும். ஆனால் காலப்போக்கில் அவர்களுடைய வீட்டு மொழி மலாய் ஆகிவிட்டது. அது அவர்கள் குற்றம் இல்லை. சூழ்நிலை அப்படி அமைந்தது. நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. கோயில் இருந்தாலும் மொழி போய்விடலாம். மொழி தானாகவே தங்கும் என்று நினைப்பது நம் ஏமாளித்தனம்.

அழகிரிசாமி வேலை பார்த்த தமிழ் நேசன் 2019இல், நஷ்டம் தாங்காமல், மூடப்பட்டது. தொண்ணூறு வருஷத்துக்கும் மேல் வந்த பத்திரிகை. குருபோங் வட்டாரத்தைப் பாருங்கள். தோட்டம் தாமானாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிக்கொண்டே வருகிறது. லயத்தில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்ட காலம் போய், ஆளுக்கொரு கைப்பேசியோடு தனித்தனி அறையில் இருக்கிறோம். தமிழ் பேசுகிறோம், தமிழ்ப் படம் பார்க்கிறோம். தமிழில் ஒரு பக்கம் முழுதாகப் படித்து எத்தனை நாள் ஆச்சுன்னு கேட்டா, பதில் சொல்லக் கொஞ்சம் யோசிக்கணும்.

படிக்கிற பழக்கம் போய்விட்டால் திருமுறையும் போகும். பாட்டாக வாயில் இருக்கும், பொருள் மனசுக்குள் போகாது. இளையான்குடிமாறரைத் தெரிந்திருக்கும், வாசலில் நிற்கிற ராஜாவைத் தெரியாது.

மீட்பதற்கு ரொம்பப் பெரிய முயற்சி எல்லாம் தேவையில்லை. அழகிரிசாமி வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை இவை:

ஒன்று, சின்னதாக ஆரம்பியுங்கள். நாவலுக்குப் போக வேண்டாம். சிறுகதை ஒன்று போதும். பசியாறிவிட்டு உட்கார்ந்தால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். 'ராஜா வந்திருக்கிறார்', 'அன்பளிப்பு' இரண்டில் ஒன்றை முதலில் எடுங்கள். பெயரைத் தட்டித் தேடினால் கைப்பேசியிலேயே கிடைக்கும்.

இரண்டு, இரண்டு தடவை படியுங்கள். முதல் தடவை கதைக்காக. இரண்டாம் தடவை மனிதர்களுக்காக. முதல் தடவை கண்ணில் படாத ஆள் ஒருவர் இரண்டாம் தடவை படுவார். பெரும்பாலும் கதையே அவரைப் பற்றித்தான் இருக்கும்.

மூன்று, கதையின் கருத்து என்ன என்று உடனே கேட்காதீர்கள். அது பரீட்சைக் கேள்வி. இந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேளுங்கள். அது வாழ்க்கைக் கேள்வி.

நான்கு, வட்டம் கூடுங்கள். ஐந்து பேர் போதும். சமய வகுப்பு முடிந்து, பிரசாதம் சாப்பிட்டுவிட்டு, கோயில் மண்டபத்தில் அரைமணி நேரம். ஒருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். தமிழ்ப் பள்ளிக்குப் போகாத நண்பனும் காதால் கேட்டுப் புரிந்துகொள்வான். அவனை விட்டுவிடாதீர்கள். அழகிரிசாமியே வீட்டில் வேறு மொழி பேசி வளர்ந்தவர்தான்.

ஐந்து, பாட்டி தாத்தாவைக் கூட்டி வாருங்கள். தோட்டத்துக் கதைகள் அவர்களிடம்தான் இருக்கின்றன. கேட்டு எழுதி வைத்தால், நாளைக்கு மலாக்காவின் கதைக்காரர் உங்களில் ஒருவராக இருக்கலாம்.

அழகிரிசாமி எழுதிய இன்னொரு கதை 'குமாரபுரம் ஸ்டேஷன்'. இடைசெவலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ரயில் நிலையம். ஆள் நடமாட்டமே இல்லாத காட்டில் இப்படி ஒரு ஸ்டேஷன் எதற்கு என்று படித்த பெரிய மனிதர் ஒருவர் நினைக்கிறார். அங்கிருந்து ரயிலேறிப் போகும்போது, கூட வருகிற கிராமத்து மனிதர்களையும் பிள்ளைகளையும் பார்த்துத் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறார். சின்ன ஊர் என்று எதையும் தள்ளிவிட முடியாது. இடைசெவல் அப்படி ஓர் ஊர். நம்ம குருபோங்கும் அப்படித்தான்.

இந்தத் தீபாவளிக்கு வீட்டில் முறுக்கு சுட்டு, அதிரசம் சுட்டு, புதுத்துணி எடுத்து வைத்தபிறகு, குடும்பத்தோடு உட்கார்ந்து அந்தக் கதையை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். படித்து முடித்ததும் நம் வாசலையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். யாராவது ராஜா நின்றாலும் நிற்கலாம்.